முப்பத்து நான்காம் பயிற்சி

பிப்ரவரி 3

என் வாத்தியாரம்மாவுக்கு,

நீ அனுப்பிய அச்சுப்படிகள் நேற்று வந்து சேர்ந்தன. "தர்க்கம் தெரியாத ஒருவருக்கும் பயிற்சிகள் புரிகின்றனவா என்று படித்துச் சொல்லுங்கள்" என்று மேலே ஒரு சீட்டு வைத்திருந்தாய். தர்க்கம் தெரியாத ஆளை ஊரெல்லாம் தேடிக் கடைசியில் கட்டிய புருஷனையே பிடித்திருக்கிறாய். ரொம்ப சந்தோஷம்.

இங்கே ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட்களில் நான்கு ஓடத் தொடங்கிவிட்டன. மீதி இரண்டும் ஏப்ரலில் முடியும். ஜூனில் பராமரிப்பு வேலையை எனக்கே நிரந்தரமாகத் தருவதாகப் பொறியாளர் மறுபடியும் சொன்னார். வீடும் காட்டினார். இரண்டு அறை, சமையலறை ஜன்னலில் காலை வெயில் விழுகிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதிக்குள் நீ கல்லூரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் ஜூனில் விடுவார்கள் என்றாய். ஞாபகம் இருக்கட்டும். பதினான்கு மாதமாக நான் இங்கே தனிக்கட்டை.

இனி உன் புத்தகத்துக்கு வருகிறேன். ஒற்றைப்படை எண்கள் உன்னுடையவை, இரட்டைப்படை எண்கள் உன் பக்கத்து மேசைக்காரர் எழுதியவை என்று முன்னுரையிலேயே போட்டிருக்கிறது. உன் பயிற்சிகளில் முக்கோணம் வருகிறது, மீன் வருகிறது, ரயில் வருகிறது. அந்த மனுஷன் பயிற்சிகளில் திரும்பத் திரும்ப ஒரே ஒரு "அவர்" வருகிறார். பன்னிரண்டாம் பயிற்சியை அப்படியே எழுதுகிறேன்:

"இடது கையால் எழுதும் ஆசிரியர்கள் எல்லோரும் பலகையில் எழுதியதைத் தங்கள் கையாலேயே அழித்துவிடுவார்கள். அவர் இடது கையால் எழுதும் ஆசிரியர். ஆகவே அவர் எழுதியதைத் தம் கையாலேயே அழித்துவிடுவார்."

பதினெட்டு: "மழை பெய்தால் அவர் குடையை மறந்திருப்பார். இன்று மழை பெய்கிறது. ஆகவே அவர் குடையை மறந்திருப்பார்."

உங்கள் கல்லூரியில் உன்னைத் தவிர இடது கையால் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? குடை இல்லாமல் வீட்டுக்கு எப்படிப் போகிறாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன்,
தர்க்கம் தெரியாதவன்


பிப்ரவரி 11

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட முதல் கணவர் நீங்களாகத்தான் இருக்கும்.

கேளுங்கள். "எல்லா யானைகளும் பறக்கும். என் கணவர் ஒரு யானை. ஆகவே என் கணவர் பறப்பார்." இந்த வாதம் செல்லும். ஏன் என்றால், மேலே இருக்கும் இரண்டு வரிகளை நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டால் "ஆகவே" என்று தொடங்கும் வரியிலிருந்து தப்பிக்க முடியாது. மேலே இருக்கும் வரிகள் உண்மையா என்பது வேறு விஷயம். யானை பறக்காது, நீங்கள் யானையும் இல்லை, போன வருடம் வாங்கிய கால்சட்டை இறுக்கமாகிவிட்டது என்று எழுதியிருந்தாலும். செல்லுகிற வாதம் ஒன்று, உண்மை ஒன்று. இந்த இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் புத்தகத்தையே எழுதுகிறோம்.

புது லிஃப்டைச் சோதிக்க மணல் மூட்டைகளை ஏற்றி இறக்குவீர்களே, மூட்டைக்குள் இருப்பது மணலா சிமெண்டா என்றா பார்க்கிறீர்கள்? எடை சரியாக இருந்தால் போதும். பயிற்சிகளில் வரும் வாக்கியங்களும் அப்படித்தான். உள்ளே இருப்பதை நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

பக்கத்து மேசைக்காரர் வாய் திறந்து நான்கு வார்த்தை பேசினால் அது ஆசிரியர் அறையில் அன்றைய செய்தி. அப்படிப்பட்ட மனிதர். மழை நாளில் பேருந்து நிறுத்தம் வரை அவர் குடையில் போவேன். நடுவில் இன்னும் ஒருவர் நடக்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் நடப்பார், அவர் தோள் முழுக்க நனைந்துபோகும். போதுமா?

காலை வெயில் விழும் சமையலறையை நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை நிறைய, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

உங்கள்,
வாத்தியாரம்மா


பிப்ரவரி 19

வாத்தியாரம்மாவுக்கு,

தோள் நனைந்ததைப் பார்த்திருக்கிறாய். நல்லது.

யானைப் பாடம் புரிந்தது. நான் மறுபடியும் எல்லாவற்றையும் படித்தேன், மூட்டையைப் பிரித்தே படித்தேன். இருபத்தாறு: தவறான விடையைத் திருத்தும்போது உச்சுக் கொட்டுபவர்கள் எல்லோரும் இரக்கம் உள்ளவர்களாம். அவர் உச்சுக் கொட்டுகிறாராம். ஆகவே இரக்கம் உள்ளவராம். நீ விடைத்தாள் திருத்தும்போது உச்சுக் கொட்டுவாயா? ஒன்பது வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியவன் நான். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதது அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது?

அதைக்கூட விட்டுவிடுகிறேன். முப்பத்து நான்கைப் பார்:

"அவர் ஜூனில் போனால் இந்த மாடிப்படி வெறிச்சோடிவிடும். அவர் போகமாட்டார். ஆகவே இந்த மாடிப்படி வெறிச்சோடாது."

ஜூனில் போவது யார்? போகமாட்டாய் என்று இந்த மனுஷனுக்கு யார் சொன்னது? என்னிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

நானும் ஒரு வாதம் போடுகிறேன், பிழை இருந்தால் திருத்து. மனைவிக்கு வர மனமில்லை என்றால் கடிதம் சுருங்கும். உன் கடிதம் சுருங்கிவிட்டது. ஆகவே உனக்கு வர மனமில்லை.

உன் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ள ஒரு பயிற்சியும் எழுதியிருக்கிறேன். "ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நடக்கிறவர்கள் எல்லோரும் மனம்விட்டுப் பேசுகிறவர்கள். நானும் இங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நடக்கிறவர்கள். ஆகவே நாங்கள் மனம்விட்டுப் பேசுகிறவர்கள்." செல்லுமா, செல்லாதா? மூட்டையைப் பிரிக்காதே. எடையை மட்டும் பார்.

இப்படிக்கு,
யானை


பிப்ரவரி 27

யானைக்கு,

செல்லும். முழு மதிப்பெண். இப்போது சொல்லுங்கள், யார் அவள்?

எத்தனை ஞாயிற்றுக்கிழமை? ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதாகவும் மத்தியானம் தூங்குவதாகவும்தானே எனக்கு எழுதுகிறீர்கள்? ஆற்றங்கரை எப்போது முளைத்தது? மனம்விட்டு என்ன பேசினீர்கள்? என்னோடு இருந்தபோது, "என்னங்க யோசிக்கிறீங்க?"ன்னு கேட்டால் "ஒண்ணுமில்ல, மோட்டார் சத்தம்"ன்னு சொன்ன ஆள் நீங்கள். நம் வீட்டில் பேசாத பேச்சை ஸ்டோர் வாசலில் பேசுகிறீர்களா?

அது வெறும் பயிற்சி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காலை வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் என்ன நினைத்தார்களோ. வாக்கியத்தின் உள்ளே பார்க்காதே என்று எட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன், உங்கள் மூன்று வரியில் உள்ளே இருப்பதைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. எரிகிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உங்கள் சுருங்கிய கடித வாதம் செல்லாது. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நிற்கும், லிஃப்ட் நின்றது, ஆகவே கதவு திறந்திருக்கிறது என்று சொன்ன உங்கள் கூட்டாளியை என்ன பாடு படுத்தினீர்கள்? "லிஃப்ட் குழியில இருக்கிற, நிறுத்துற சிவப்பு பட்டனைப் பார்த்தியா? வேகத்தைக் கட்டுப்படுத்துற கருவியைப் பார்த்தியா? நிக்கிறதுக்கு நூறு காரணம் இருக்கும்டா"ன்னு சொன்னதாக எனக்குப் பெருமையாக எழுதியவர் நீங்கள். கடிதம் சுருங்கவும் நூறு காரணம் இருக்கும். தேர்வு வாரம் என்பது அதில் ஒன்று.

முப்பத்து நான்கும் செல்லாது. அச்சுப்படியில் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேனே, பார்க்கவில்லையா? விடைப் பட்டியலில் "செல்லும்" என்று போட்டிருந்தார். அவர் போனால் படி வெறிச்சோடும் என்பது மட்டும்தான் சொல்லப்பட்டிருக்கிறது. போகாவிட்டாலும் வேறு எதனாலாவது வெறிச்சோடலாம். முதல் வருடப் பிள்ளைகள் செய்யும் தப்பு அது.

நீங்கள் சந்தேகப்படுவதை ஆசிரியர் அறையில் வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். காற்றுகூட அடிக்கவில்லை.

யார் அவள் என்று அடுத்த தபாலில் எழுதுங்கள்.

வாத்தியாரம்மா


மார்ச் 8

வாத்தியாரம்மாவுக்கு,

அப்படி ஒரு பெண்ணே இல்லை. ஸ்டோரில் இருப்பது நான்கு இரும்பு அலமாரியும் ஒரு பூட்டும்தான், சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஆறு இருக்கிறது, ஆனால் அதன் கரையில் நடந்தால் கொசு தூக்கிக்கொண்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறேன், மத்தியானம் தூங்குகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "எரிகிறது" என்று நீ எழுதிய இடத்தை அதற்கு மேலும் படித்தேன். கெட்ட புத்திதான், எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். ஒரு மாதமாக எனக்கு எரிவது என்னவென்று உனக்கும் ஒரு நாளாவது தெரிந்ததே.

ஆனால் எனக்கு வேறு ஒரு யோசனை வந்திருக்கிறது. பொறாமையில் கேட்கிறேன் என்று தள்ளிவிடாதே, பழுது பார்ப்பவனாகக் கேட்கிறேன். அந்த மனுஷன் எழுதிய பயிற்சிகள் மொத்தம் இருபது. தர்க்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று போன வருடம் நீயே எழுதியிருந்தாய். இருபதில் எத்தனை தப்பு? உன் சிவப்பு மையைத் தேடிப் பார்த்தேன், முப்பத்து நான்கில் மட்டும்தான் இருக்கிறது. எல்லா மாடியிலும் ஒழுங்காக நிற்கும் லிஃப்ட் ஒரே ஒரு மாடியில் மட்டும் குலுங்கினால் நான் மோட்டாரைத் தொடமாட்டேன். அந்த மாடிக்குத்தான் போவேன். முதல் வருடப் பிள்ளைகள் செய்யும் தப்பை அவர் ஏன் அங்கே மட்டும் செய்தார்?

எல்லோரும் சிரித்தபோது அவர் ஏன் சிரிக்கவில்லை?

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 17

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அச்சுப்படிகளை எடுத்து மேசையில் பரப்பினேன். அவருடைய இருபது பயிற்சிகளையும் படித்தேன். எட்டு மாதமாக நூறு தடவையாவது பார்த்த பயிற்சிகள். இந்த வாதம் செல்லுமா என்று கேட்காமல், இது உண்மையா என்று கேட்டுக்கொண்டு படித்தது இதுதான் முதல் தடவை. எல்லாம் உண்மையாக இருந்தன. கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் அந்த "அவர்" நான். படி ஏறும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குபவர் நான். விடைத்தாளைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது, அன்று திருத்தும்போது கவனித்தேன், கொட்டுகிறேன்.

மறுநாள் அவரிடம் கேட்டேன். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், கூட்டிக் குறைத்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

"முப்பத்து நாலுல ஒரு தப்பு இருந்துச்சே, பார்த்தீங்களா சார்?"

"எழுதும்போதே தெரியும்மா. திருத்த மனசு வரல."

"மத்ததுல எல்லாம் மேல இருக்கிற வரிங்க…"

"எல்லாம் உண்மைதான். நீங்க படிச்சாலும் அதைப் பார்க்கமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். நீங்க வாதத்தை மட்டும்தானே பார்ப்பீங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

பிறகு, வேண்டுமானால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு எழுதித் தருகிறேன் என்றார். மன்னிப்பும் கேட்டார். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார்.

ஆக, நான் துரோகம் செய்கிறேன் என்று நீங்கள் போட்ட வாதம் ஒன்றுகூடச் செல்லாது. ஆனால் நீங்கள் கையை வைத்த இடத்தில் பழுது இருந்தது. எல்லாம் தெரிந்த நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவர் மேல் ஆசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் என்னை இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதே சந்தோஷமாக இருந்தது. அன்று முழுவதும் நான் யாரோ முக்கியமானவள் போல நடந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒன்பது வருடத்தில் நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னவற்றை நினைத்துப் பார்த்தேன். எல்லாமே வாதங்கள். தாமதமாக வந்தாய், ஆகவே அக்கறை இல்லை. பேசாமல் இருக்கிறாய், ஆகவே கோபம். நீங்கள் என்னைப் பற்றி முடிவுக்கு வருகிறீர்கள், என்னைப் பார்ப்பதில்லை.

ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கொடுக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்கு முன் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். என்னைப் பற்றி உண்மையான ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதிலிருந்து எதையும் நிரூபிக்கக் கூடாது. ஒரே ஒரு வாக்கியம் போதும்.

நான்


மார்ச் 25

உனக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஐந்தாவது லிஃப்டின் கதவை இரண்டு தடவை தப்பாக மாட்டிக் கழற்றினேன். அந்த ஆளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. நீ "சார்" என்று கூப்பிட்டதுகூட எரிந்தது. சந்தோஷமாக இருந்தது என்று நீ எழுதிய வரியை நகத்தால் சுரண்டிவிட்டேன், அந்த இடத்தில் காகிதம் ஓட்டையாகிவிட்டது.

பிறகு உட்கார்ந்து வாக்கியம் எழுதினேன். ஒன்பது வருடப் புருஷனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். "நீ மழை வந்தால் குடையை மறப்பாய்" என்று எழுதினேன். அது அவருடைய பதினெட்டாம் பயிற்சி. அடித்தேன். "நீ எழுதியதை உன் கையாலேயே அழிப்பாய்." பன்னிரண்டு. அடித்தேன். "நீ மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்குவாய்" என்று எழுதிவிட்டு, இதை எப்போது பார்த்தோம் என்று யோசித்தேன். பார்க்கவில்லை, உன் கடிதத்தில் படித்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதி அடித்தேன். என் பெண்டாட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறொருவன் பார்த்துச் சொன்னவை. இத்தனை நாளும் நீ அவனைப் பார்க்கிறாயோ என்று பொறாமைப்பட்டேன். இப்போது அவன் கண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். இது அதைவிட மோசமாக எரிகிறது.

மூன்று நாள் கழித்து ஒரு வாக்கியம் கிடைத்தது. அதை எழுத எனக்கு இஷ்டமில்லை, அதனால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

நான் இந்த ஊருக்கு ரயில் ஏறிய அன்று நீ அழுதாய், நான் பார்த்தேன்.

நீ கல் மாதிரி நின்றாய் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் இரண்டு கடிதத்தில் குத்திக்காட்டியிருக்கிறேன். பொய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொண்டால் இறங்கிவிடுவேன் என்று பயந்து, பெட்டியைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். வண்டி நகர்ந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

பொறியாளரிடம் நிரந்தர வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆறாவது லிஃப்டை ஏப்ரல் பத்தாம் தேதி ஒப்படைத்துவிட்டு வருகிறேன். நீ ராஜினாமா கொடுக்க வேண்டாம். நல்ல மனதோடு வருகிறேன் என்று நினைத்துவிடாதே. பொறாமையோடுதான் வருகிறேன். வந்து நான் உன்னைப் பார்க்க வேண்டும். அந்த ஆள் எட்டு மாதம் முந்திவிட்டான்.

நீ வேண்டாம் என்று எழுதினால் வரமாட்டேன்.

நான்


மார்ச் 31

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை, அவரிடம் பேசிவிட்டேன். அவர் மனதில் இருப்பதற்கு இணங்க என்னால் முடியாது என்று சொன்னேன். "தெரியும்மா" என்றார். பயிற்சிகளை எடுக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், முப்பத்து நான்கைத் தவிர. அந்த எண்ணுக்கு நான் மீன்களை வைத்து ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது உங்களுக்கு எரியும் என்று தெரியும். எரியட்டும்.

உங்களுக்காகத்தான் அவரிடம் மறுத்தேன் என்று எண்ண வேண்டாம். அப்போது உங்கள் வாக்கியம் வருமா என்றே எனக்குத் தெரியாது.

நாளை ஒன்றாம் தேதி. நான் முதல்வர் அறைக்குப் போகப்போவதில்லை.

நீங்கள் பார்த்தீர்கள் என்பது எனக்கு அன்றே தெரியும். பெட்டியைச் சரிசெய்யக் குனிந்தீர்கள். பெட்டி மேல் தட்டில் இருந்தது, நான்தான் தூக்கி வைத்தேன். உங்கள் இருக்கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒருவர் அவ்வளவு நேரம் கையை விட்டுத் துழாவியதைப் பார்த்துக்கொண்டு நான் நடைமேடையில் நின்றேன். என்றைக்காவது சொல்வீர்கள் என்று பதினாறு மாதமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாருங்கள்.